அவசர உதவி: யுனிஃபைக்கு அப்டேட் போட்டேன், வெள்ளை விளக்கு மட்டும் மின்னுகிறது

மாடிப்படி | செவ்வாய், இரவு 10.47

வணக்கம். இன்று யுனிஃபைக்கு அப்டேட் போட்டேன். பாதியில் நின்றுவிட்டது. இப்போது வெள்ளை விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது, மாடியில் வைஃபை சுத்தமாக இல்லை. ரீசெட் பொத்தானை அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. தைப்பூசத்துக்கு விருந்தினர் வருகிறார்கள், எல்லா அறையும் நிறைந்துவிட்டது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள், ப்ளீஸ்.

செந்தூல்வாசி | 10.58

ரூட்டரை நீங்களே நோண்ட வேண்டாம். சேவை எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள், ஆள் வந்து பார்ப்பார்கள். பெருநாள் நேரம், இப்போதே அழைத்தால்தான் வெள்ளிக்குள் வருவார்கள்.

கம்பிவேலை | 11.03

ரீசெட் செய்ததுதான் தப்பு. விலான் 500, அதாவது யுனிஃபை இணையத்துக்கான வழித்தட எண், போய்விட்டிருக்கும். ரூட்டருக்குள் போய் பிபிபிஓஇ (இணையச் சேவைக்குள் நுழையும் முறை) பயனர் பெயர், கடவுச்சொல், விலான் 500 மூன்றையும் திரும்பப் போடுங்கள். டிவி பெட்டி இருந்தால் அதற்கு 600. எத்தனையோ வீட்டில் இதைத்தான் செய்து சரியாக்கியிருக்கிறேன்.

மாடிப்படி | 11.09

ரூட்டர் இல்லை. கூரையில் மாட்டும் வட்டத் தட்டு. கீழே இணையம் நன்றாகத்தான் ஓடுகிறது.

அலைவரிசை | 11.21

இந்த ஊரில் யுனிஃபை என்றால் இரண்டு பொருள் உண்டு என்று எத்தனை தடவைதான் சொல்வது? ஒன்று, 2010-இல் டெலிகாம் மலேசியா கொண்டுவந்த இணையச் சேவை. மற்றது, யுபிக்விட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வரிசை. இவர் கேட்பது இரண்டாவதை. அதைக்கூட விசாரிக்காமல் ஒருவர் புகார் எண் வாங்கச் சொல்கிறார், ஒருவர் விலான் 500 போடச் சொல்கிறார்.

கேட்பவரும் ஒழுங்காகக் கேட்க வேண்டும். எந்த மாடல்? எந்தப் பதிப்பிலிருந்து எதற்குப் போனீர்கள்? கன்ட்ரோலர் (எல்லாப் பெட்டியையும் நிர்வகிக்கும் மென்பொருள்) வழியாகவா, எஸ்எஸ்எச் (கட்டளை தட்டிப் பெட்டிக்குள் நுழையும் வழி) வழியாகவா? கரண்ட் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து வருகிறதா, இன்ஜெக்டரிலிருந்தா (நெட்வொர்க் கேபிள் வழியே கரண்ட் அனுப்பும் சின்னப் பெட்டி)? இதெல்லாம் தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

பட்டர்வொர்த் மின்பணி | 11.34

தம்பி, என் அனுபவத்தில் இது கரண்ட் கோளாறு. ஏசி லைட் மாடலாக இருந்தால், முதலில் வந்தவை 24 வோல்ட் பாசிவ் மட்டும்தான் ஏற்கும். பிறகு வந்தவைதான் 802.3ஏஎஃப் என்ற பொதுத் தரத்தில் கரண்ட் தரும் நெட்வொர்க் ஸ்விட்சிலும் ஓடும். இன்ஜெக்டர் பழசாகிவிட்டால், ரேடியோ எழும்பும் நேரத்தில் வோல்ட் இறங்கிவிடும். பெட்டி திரும்பத் திரும்பப் புதிதாகத் தொடங்கும், விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். வேறு இன்ஜெக்டர் இருந்தால் மாற்றிப் பார்.

மாடிப்படி | 11.52

மாடல் ஏசி லைட்தான். மூன்று இருக்கின்றன, போன வருடம் செகண்ட்ஹேண்டில் வாங்கியது. கீழே ஒன்று, காற்றுக்கிணறு பக்கம் ஒன்று, மேலே பின்னறைப் பக்கம் ஒன்று. கடைவீடு நீளமாக இருக்கும், சுவரும் தடிப்பு, ஒன்று போட்டால் எட்டாது. முதல் இரண்டும் நல்லபடியாக அப்டேட் ஆகிவிட்டன. மூன்றாவதுதான் இப்படி. கன்ட்ரோலரில்தான் போட்டேன். இன்ஜெக்டர்தான். நல்ல ஒன்றோடு மாற்றியும் பார்த்துவிட்டேன், அதே கதை.

அப்புறம், நான் தம்பி இல்லை அண்ணே, தங்கச்சி.

ஈப்போ அக்கா | புதன், காலை 6.40

தங்கச்சி, ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனதா? இரண்டு நன்றாக ஏறி மூன்றாவது மட்டும் படுத்தால் பெரும்பாலும் அதுதான்.

மாடிப்படி | 7.15

ஆமாம் அக்கா. இரவு கல்லாவை மூடும்போது அந்த வரிசைச் சுவிட்சு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவது சித்தியின் பழக்கம். நேற்றும் அணைத்துவிட்டார். நான் மேலே இருந்தேன், உடனே ஓடிவந்து போட்டேன். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

அலைவரிசை | 7.31

இதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் எல்லோருக்கும் ஒரு இரவு மிச்சமாகியிருக்கும்.

செராஸ் பையன் | 7.48

இது எனக்குத் தெரியும்! என் ஆர்ச்சர் சி7 இரண்டாம் பதிப்பு இப்படித்தான் ஆனது. லேப்டாப்பில் டிஎஃப்டிபி (எளிய கோப்பு அனுப்பும் முறை) சர்வர் ஒன்றைப் போடுங்கள். லேப்டாப் ஐபி 192.168.0.66. ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பின் பெயரை ஆர்ச்சர்சி7வி2_டிபி_ரெக்கவரி.பின் என்று மாற்றி அந்த ஃபோல்டரில் வையுங்கள். ரீசெட்டை அழுத்திக்கொண்டே பெட்டியைப் போடுங்கள். அதுவே வந்து கோப்பை இழுத்துக்கொள்ளும்.

மாடிப்படி | 9.20

செய்தேன், எதுவும் இழுக்கவில்லை. ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம். புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமா? பினாங்கு கொம்தார் கடைகளில் விசாரிக்கட்டுமா?

ஈப்போ அக்கா | 9.55

காசை வீணாக்காதீர்கள். பெட்டி சாகவில்லை. அப்டேட் எழுதுவது ஃபர்ம்வேர் இருக்கும் பகுதியில். அதை எழுப்பிவிடும் யூ-பூட் என்ற சிறிய நிரல் ஃபிளாஷில் தனிப் பகுதியில் இருக்கிறது, அதை இந்த அப்டேட் தொடவில்லை. விளக்கு மின்னுகிறது என்றால் அது உயிரோடு இருக்கிறது, ஃபர்ம்வேரைத் தேடிக்கொண்டிருக்கிறது.

செராஸ் பையன் சொன்னது அவருடைய பெட்டிக்குச் சரி. அதில் லேப்டாப் சர்வர், பெட்டி வந்து இழுக்கும். உங்களுடையதில் நேர்மாறு. பெட்டிதான் சர்வர், 192.168.1.20-இல் காத்திருக்கும். நாம்தான் லேப்டாப்பிலிருந்து தள்ள வேண்டும். நீங்கள் மாலை வரை சர்வரைத் திறந்துவைத்துக் காத்திருந்தாலும் அது வராது.

செய்ய வேண்டியது இதுதான். யுபிக்விட்டி பதிவிறக்கப் பக்கத்திலிருந்து ஏசி லைட்டுக்கான கோப்பை எடுங்கள், பெயர் பிஇசட்.கியூசிஏ956எக்ஸ் என்று தொடங்கும். லைட், எல்ஆர், ப்ரோ மூன்றுக்கும் ஒரே கோப்புதான். அதைச் சின்னப் பெயராக மாற்றி, சி டிரைவில் நேராக வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் லேன் கார்டுக்குக் கையால் 192.168.1.10, மாஸ்க் 255.255.255.0. கேட்வே எதுவும் வேண்டாம். இன்ஜெக்டரின் லேன் துளையில் லேப்டாப், பிஓஇ துளையில் பெட்டி. இதை மாற்றிக் குத்திவிடாதீர்கள், லேப்டாப் போர்ட்டுக்கு 24 வோல்ட் போய்விடும்.

இப்போது பெட்டியின் கேபிளை உருவுங்கள். கேபிள் துளை பக்கத்தில் ஊசி நுழையும் அளவு ஓட்டை இருக்கும், ஒரு பேப்பர் கிளிப்பை விட்டு அழுத்துங்கள். அழுத்தின விரலை எடுக்காமல் கேபிளைக் குத்துங்கள். இருபது, இருபத்தைந்து நொடி அப்படியே பிடியுங்கள். விளக்கு வெள்ளை, நீலம், அணைவு என்று மாறி மாறி வரும். அது வந்தபிறகுதான் விரலை எடுக்க வேண்டும். நேற்று நீங்கள் செய்தது கரண்ட் இருக்கும்போது சும்மா அழுத்தியது, அது வேறு.

விண்டோஸ் என்றால் டிஎஃப்டிபி கிளையண்டை விண்டோஸ் ஃபீச்சர்ஸில் டிக் செய்து வையுங்கள். பிறகு கறுப்புத் திரையில் (கமாண்ட் ப்ராம்ப்ட்): டிஎஃப்டிபி -ஐ 192.168.1.20 புட் கோப்பின்பெயர். நான் தமிழ்ப் பலகையில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். அந்த -ஐ கட்டாயம். அதை விட்டால் கோப்பை எழுத்துக்கோப்பாக நினைத்து அனுப்பும், கோப்பு கெட்டுவிடும்.

பட்டர்வொர்த் மின்பணி | 10.12

எல்லாம் சரி, ஆனால் நான் கேட்கிறேன், ஓடிக்கொண்டிருந்த பொருளை ஏன் தொட வேண்டும்? மூன்றும் நன்றாக ஓடின. விருந்தாளி வரும் வாரத்தில் அப்டேட் எதற்கு? நான் மோட்டார், பம்பு எல்லாம் பார்க்கிறவன். ஓடுகிற மோட்டாரைக் கழற்ற மாட்டோம்.

அலைவரிசை | 10.30

மோட்டாருக்குள் யாரும் வயரில்லாமல் நுழைய முடியாது அண்ணே, இதற்குள் முடியும். 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மாத்தி வான்ஹோஃப் வைஃபையைப் பூட்டும் டபிள்யூபிஏ2 முறையில் இருந்த ஓட்டையைக் காட்டினார், கிராக் என்று பெயர். அதற்கு முந்தைய ஃபர்ம்வேரோடு விருந்தினர் விடுதி நடத்துவது பொறுப்பில்லாத வேலை.

கம்பிவேலை | 10.44

அந்தக் கிராக் பெரும்பாலும் போன், லேப்டாப் பக்கத்துக் குறை. ஆக்சஸ் பாயிண்டில் வேக ரோமிங் (ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென மாறுவது), அதாவது 802.11ஆர் போட்டிருந்தால்தான் இந்தப் பக்கமும் சிக்கல். விலான் 500 சொன்னதற்காக எனக்கு எதுவுமே தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

அலைவரிசை | 10.51

அது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே மாத்தி வான்ஹோஃப் 2021 மே மாதம் ஃபிராக் அட்டாக்ஸ் என்று இன்னொரு தொகுதியை வெளியிட்டார். 12 குறைகள். அதில் சில 1997-இல் வைஃபை தரம் எழுதப்பட்ட நாளிலிருந்தே இருப்பவை. அது ஆக்சஸ் பாயிண்டையும் பாதிக்கும். தினம் புது ஆள் வந்து கடவுச்சொல் கேட்கிற இடத்தில் அப்டேட் போடத்தான் வேண்டும்.

பட்டர்வொர்த் மின்பணி | 11.05

போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெருநாள் முடிந்து போடலாம் என்றுதான் சொல்கிறேன். சுவிட்சு மேல் ஒரு பேப்பர் ஒட்டியிருந்தால் இத்தனையும் இல்லை.

செராஸ் பையன் | 11.20

எழுதுவதுதான் எழுதுகிறீர்கள், ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேரையே போடலாமே? ஏசி லைட்டில் 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம் இருக்கிறது, தாராளமாகப் போகும். கன்ட்ரோலரே தேவையில்லை. நான் போட்டதிலிருந்து நிம்மதி.

ஈப்போ அக்கா | 11.33

எனக்கும் அது பிடிக்கும், என் வீட்டில் அதுதான். ஆனால் இவருக்கு இப்போது வேண்டாம். மூன்றில் ஒன்று மட்டும் வேறு ஃபர்ம்வேரில் இருந்தால் மற்ற இரண்டோடு ஒரே கன்ட்ரோலரில் வராது, நாளைக்கு ஒரு விருந்தினர் வைஃபை பிரச்சினை என்று வந்து நின்றால் சித்தியால் பார்க்க முடியாது. முதலில் பழைய உயிர் திரும்பட்டும்.

மாடிப்படி | மதியம் 2.18

அக்கா சொன்னபடி விளக்கு வெள்ளை, நீலம் வந்துவிட்டது! பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்ப்பது) போட்டால் 192.168.1.20 பதிலும் தருகிறது. ஆனால் கோப்பை அனுப்பினால் டைம்அவுட். ஐந்து தடவை முயன்றுவிட்டேன்.

அலைவரிசை | 2.25

-ஐ போட்டீர்களா?

மாடிப்படி | 2.27

போட்டேன்.

ஈப்போ அக்கா | 2.41

பெட்டியின் கேபிளை உருவிவிடுங்கள். உருவிய நிலையில் பிங் போட்டுப் பாருங்கள்.

மாடிப்படி | 2.49

உருவியும் பதில் வருகிறது!! எப்படி?

ஈப்போ அக்கா | 2.56

அப்படியென்றால் பதில் சொல்வது உங்கள் பெட்டி இல்லை. லேப்டாப்பின் வைஃபை கீழ்த்தள ரூட்டரோடு இணைந்திருக்கிறது, அந்த ரூட்டரும் 192.168.1-இல் இருக்கிறது. அங்கே 20-ஆம் எண்ணில் வேறு ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கோப்பும் சில வேளை அந்தப் பக்கம் போகிறது. லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள்.

கூடவே ஃபயர்வாலையும் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். டிஎஃப்டிபி கேள்வி 69-ஆம் போர்ட்டுக்குப் போகும், ஆனால் பதில் வேறொரு போர்ட்டிலிருந்து வரும். விண்டோஸ் அதை யாரோ தெரியாத ஆள் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்திவிடும். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

அனுப்பி முடிந்தபிறகு கைவைக்காதீர்கள். விளக்கு வேகமாக மின்னும், எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தானாகத் திரும்ப எழும்பி வெள்ளையாக நிலைத்து நிற்கும்வரை சித்தியைச் சுவிட்சு பக்கம் விடாதீர்கள்.

செந்தூல்வாசி | 3.30

நான் ஆரம்பத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். என்ன ஆனது என்று சொல்லுங்கள், படித்துக்கொண்டிருக்கிறேன்.

செராஸ் பையன் | இரவு 9.02

யாராவது கேள்விப்பட்டீர்களா?

மாடிப்படி | வியாழன், காலை 8.11

வந்துவிட்டது. வைஃபையையும் ஃபயர்வாலையும் ஒன்றாக அணைத்தேன், எது காரணம் என்று தெரியவில்லை, முதல் தடவையிலேயே கோப்பு ஏறிவிட்டது. 20-இல் இருந்தது கல்லா பிரிண்டர். வெள்ளை விளக்கு நிலையாக நிற்கிறது. இன்னும் கன்ட்ரோலரில் தெரியவில்லை, சாயங்காலம் பார்க்கிறேன். கோவில் வீட்டிலிருந்து தைப்பூச வெள்ளித் தேர் புறப்படும் நேரம், இந்தத் தெருவில் கால் வைக்க இடமில்லை, விருந்தினரும் நேற்றே வரத் தொடங்கிவிட்டார்கள். அக்காவுக்கு ரொம்ப நன்றி. அண்ணே, சுவிட்சு மேல் பேப்பர் ஒட்டிவிட்டேன்.

ஈப்போ அக்கா | 8.40

சந்தோஷம் தங்கச்சி. கன்ட்ரோலரில் தெரியாததற்குக் காரணம், பெட்டி இப்போது புதுப் பெட்டி மாதிரி, பழையதை மறந்துவிட்டது. கன்ட்ரோலரில் அதன் பழைய பதிவை ஃபர்கெட் கொடுத்து நீக்குங்கள், ஒரு நிமிடத்தில் அடாப்ட் (சேர்த்துக்கொள்) கேட்டு வரும். வராவிட்டால் எஸ்எஸ்எச்சில் நுழையுங்கள், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே யுபிஎன்டி. உள்ளே செட்-இன்ஃபார்ம் என்று தட்டி, கன்ட்ரோலர் ஐபியோடு 8080 போர்ட், கடைசியில் இன்ஃபார்ம் என்று கொடுங்கள். அடாப்ட் ஆனதும் அந்தக் கடவுச்சொல் தானாக மாறிவிடும்.

கம்பிவேலை | 9.05

எந்தப் பதிப்பை ஏற்றினீர்கள்? மற்ற இரண்டிலும் இருப்பதே இதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். வேறாக இருந்தால் கன்ட்ரோலர் உடனே திரும்ப அப்டேட் கேட்கும். தேர் திரும்பி வரும்வரை அதை அழுத்த வேண்டாம்.