கண்ணிலேயே சுரக்கும் புரதம் இருக்கும்போது ஊசி எதற்கு?

சாளரம்:
அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்திருக்கிறது. கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். ரத்தக்குழாய்களை வளரத் தூண்டும் விஇஜிஎஃப் என்ற புரதத்தை அடக்கும் மருந்து என்று டாக்டர் சொன்னார். சரி, என்னவென்று பார்ப்போம் என்று தேடிப் படித்தேன். பிஇடிஎஃப் என்று இன்னொரு புரதம் கண்ணிலேயே சுரக்கிறதாம். வேண்டாத ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கிறதாம், நரம்புச் செல்களையும் காப்பாற்றுகிறதாம். அப்படியென்றால் அதையே மருந்தாகக் கொடுத்துவிடலாமே? இந்தப் புரதம் அடங்கியது என்று கேப்சூல் விளம்பரமும் கண்ணில் படுகிறது. வாங்கலாமா என்று அம்மா கேட்கிறார்.

சோதனைக்குழாய்:
நான் டாக்டர் இல்லை. ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களை வளர்க்கும் ஆய்வகத்தில் வேலை. இந்தப் புரதத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

1980களின் கடைசியில் ஜாய்ஸ் டோம்பிரான்-டிங்க், லிங்கன் ஜான்சன் ஆகியோர் இதைக் கண்டுபிடித்தார்கள். விழித்திரைக்குப் பின்னால் நிறமிச் செல்களால் ஆன ஒரு படலம் இருக்கிறது; பிஇடிஎஃப் என்ற பெயரே 'நிறமிப் படலத்திலிருந்து வரும் காரணி' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான். அந்தச் செல்கள் வளர்ந்த திரவத்தை விழித்திரைப் புற்றுச் செல்களுக்குக் கொடுத்தபோது, அவை நரம்புச் செல்களைப் போலக் கிளைவிடத் தொடங்கின. ஆகவே முதலில் இது நரம்புக்கான புரதம் என்றுதான் அறியப்பட்டது. ரத்தக்குழாயைத் தடுக்கும் குணம் 1999இல்தான் சயன்ஸ் இதழில் வெளியானது.

பிஇடிஎஃப் 418 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அதில் 34 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு குழாய் வளர்ச்சியைத் தடுக்கிறது; அதை ஒட்டியுள்ள 44 நீளத் துண்டு நரம்புச் செல்லைக் காக்கிறது. இரண்டு வேலைக்கும் தனித்தனி இடம்.

எனக்கு மிகவும் பிடித்தது, பழைய குழாயை விட்டுவிட்டுப் புதிதாக முளைப்பதை மட்டும் இது பிடிக்கும் விதம். விஇஜிஎஃப் போன்ற தூண்டிகள் உட்சுவர்ச் செல்லை வளரச் சொல்லும்போதே, அதன் மேல் ஃபாஸ் என்ற ஏற்பியையும் (வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் புரதம்) கூட்டிவிடுகின்றன. அந்த ஏற்பியில் பொருந்தி 'செத்துப்போ' என்று சொல்லும் மூலக்கூறைப் பிஇடிஎஃப் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். சும்மா இருக்கும் செல்லில் ஃபாஸ் குறைவு, அதனால் அது தப்பிக்கிறது. இது 2002இல் வெளிவந்த விளக்கம்.

சர்க்கரை நோயில் நுண்குழாய்கள் அடைபட்டு விழித்திரைக்கு ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் குறைந்தால் விஇஜிஎஃப் ஏறும், பிஇடிஎஃப் இறங்கும். அம்மாவின் கண்ணில் தராசு சாய்ந்திருப்பது இப்படித்தான்.

மருந்தாக்க முயலாமல் இல்லை. முதுமையில் வரும் விழித்திரை மையச் சிதைவுக்கு, பிஇடிஎஃப் மரபணுவை வைரஸில் ஏற்றிக் கண்ணுக்குள் செலுத்திய முதல் கட்டச் சோதனை 2006இல் வெளியானது. 28 பேர், மருந்தால் பெரிய ஆபத்து எதுவும் தெரியவில்லை. ஆனால் அது மருந்தாக வந்து சேரவில்லை. எலிகளில் ஒரு சிக்கலும் தெரிந்திருந்தது: குறைந்த அளவில் குழாயைத் தடுத்த இதே புரதம், அதிக அளவில் வளர்த்துவிட்டது. என்னைக் கேட்டால், மிஞ்சிப்போன ஒன்றைப் பிடித்துக் கட்டிவைப்பது எளிது, குறைந்துபோன ஒன்றைச் சரியான அளவில் நிறுத்திவைப்பதுதான் கஷ்டம்.

மாலைவெயில்:
விஇஜிஎஃப்பை வில்லனாக்கிவிட வேண்டாம். 1996இல் வந்த ஆய்வில், அந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று இல்லாத எலிக் கருக்கள்கூடப் பிழைக்கவில்லை. சிறுநீரக வடிகட்டிகளுக்கும் அது வேண்டும். புற்றுநோய்க்கு இதே வகை மருந்தை நரம்பு வழியாக ஏற்றும்போது ரத்த அழுத்தம் ஏறுவதும், சிறுநீரில் புரதம் போவதும் அதனால்தான். கண்ணுக்குப் போடுவது மிகச் சிறிய அளவு. இருந்தாலும் அம்மாவுக்குச் சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால், அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சாளரம்:
இருவருக்கும் நன்றி. அப்படி எதுவும் வந்ததில்லை. கேப்சூல் பற்றி யாரும் சொல்லவில்லையே?

சோதனைக்குழாய்:
மறந்தே போனேன். வாங்க வேண்டாம். புரதத்தை விழுங்கினால் வயிறும் குடலும் அதைத் துண்டுதுண்டாக்கிவிடும், பிஇடிஎஃப்பாகக் கண்ணுக்குப் போய்ச் சேராது. இன்னொன்று, இதைக் கல்லீரலும் கொழுப்புத் திசுவும்கூடச் சுரக்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களின் ரத்தத்தில் இது பெரும்பாலும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ரத்தத்தில் கூடுதல், கண்ணில் குறைவு!

மாலைவெயில்:
எலும்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கான மரபணு பழுதானால் எலும்பு எளிதில் முறியும் ஓர் அரிய பிறவி நோய் வருகிறது என்று 2011இல் கண்டார்கள். பெயரில் நிறமிப் படலம் இருந்தாலும் வேலை உடம்பெங்கும்.

சோதனைக்குழாய்:
ஆமாம், அது தனி இழைக்கான விஷயம். சாளரம், கேப்சூலை நம்பி ஊசித் தேதியை மட்டும் தள்ளிப் போட்டுவிடாதீர்கள். இந்த மருந்துகளின் வேலை சில வாரங்களில் குறைந்துவிடும், விஇஜிஎஃப் சுரப்பதோ நிற்காது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.