வடசென்னையில் மக்கள் நலனை அளக்கும் சர்வே: எத்தனை பேர், என்ன கேள்வி, எப்படிக் கேட்பது?

வடக்குக்கரை:

வணக்கம். திருவொற்றியூர், மணலி, மாதவரம் மண்டலங்களில் குடியிருப்போர் சங்கங்கள் சில சேர்ந்து ஒரு சர்வே எடுக்கத் திட்டமிட்டிருக்கிறோம். ரோடு எத்தனை கிலோமீட்டர், தெருவிளக்கு எத்தனை என்ற கணக்கெல்லாம் மாநகராட்சியிடம் இருக்கிறது. இங்கே வாழ்கிறவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றியும் தங்கள் ஏரியாவைப் பற்றியும் என்ன நினைக்கிறார்கள் என்பதை அளக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து வாடகை, ஆட்கள், கட்டடம் எல்லாமே மாறிக்கொண்டிருக்கிறது. வடசென்னை வளர்ச்சித் திட்ட வேலைகளும் நடக்கின்றன. இப்போது ஒருமுறை அளந்துவிட்டு இரண்டு வருடம் கழித்துத் திரும்ப அளக்க ஆசை.

40 கேள்விகள் எழுதி வைத்திருக்கிறோம். கூகுள் ஃபார்மில் போட்டு வாட்ஸ்அப் குரூப்களில் அனுப்பினால் போதுமா? எத்தனை பேர் பதில் சொன்னால் நம்பலாம்? கடைசியில் 33 வார்டுக்கும் மார்க் போட்டு வரிசைப்படுத்த முடியுமா? கையில் இருப்பது 12 தன்னார்வலர்கள்.

கணக்குப்பிள்ளை:

வாட்ஸ்அப் வேண்டாம். சங்க குரூப்பில் இருப்பது பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்கு இருப்பவர், கம்பெனி ஷெட்டில் தங்கும் வெளிமாநிலத் தொழிலாளி, ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டி ஒருவரும் அதில் வரமாட்டார்கள். 5,000 பேர் பதில் அனுப்பினாலும் அந்த ஓட்டை அடைபடாது. தப்பான கூட்டத்தைப் பற்றி அதிகத் துல்லியமாகத் தெரிந்துகொள்வீர்கள், அவ்வளவுதான். நகர அளவிலான ஒற்றை எண்ணும் உங்களுக்கு உதவாது. மத்திய அரசின் 2020 வாழ்வதற்கு எளிமைக் குறியீட்டில் 111 நகரங்கள் இருந்தன, மக்கள் கருத்துக்கு 30 சதவீத எடை கொடுத்தார்கள், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நகரங்களில் சென்னை நான்காவதாக வந்தது. அந்த ஒரு எண்ணுக்குள் வடக்கே இருக்கும் கொடுங்கையூரும் தெற்கே வசதியான அடையாறும் சேர்ந்தே கிடக்கின்றன.

கேள்விகளைப் பொறுத்தவரை 40 அதிகம். தனிமனித நலனுக்கு நீங்களாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் ராபர்ட் கம்மின்ஸ் குழு உருவாக்கிய பர்சனல் வெல்பீயிங் இண்டெக்ஸில் ஏழு துறைகள்: வாழ்க்கைத் தரம், உடல்நலம், வாழ்க்கையில் சாதித்தது, உறவுகள், பாதுகாப்பு, சமூகத்தோடு ஒட்டுதல், எதிர்காலத்துக்கான உறுதி. ஒவ்வொன்றிலும் எவ்வளவு திருப்தி என்று 0 முதல் 10 வரை கேட்டு, ஏழின் சராசரியை 10-ஆல் பெருக்கினால் 100-க்கு ஒரு எண் கிடைக்கும். இந்த ஏழுக்கும் முன்னால் "மொத்தத்தில் உங்கள் வாழ்க்கை உங்களுக்கு எவ்வளவு திருப்தி?" என்ற ஒற்றைக் கேள்வி வரும். அதை ஏழோடு சேர்த்துக் கூட்டக்கூடாது, தனியாக வையுங்கள். மனநிலைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி அளவுகோல் இருக்கிறது: கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி 4-ஆல் பெருக்குங்கள். 50 அல்லது அதற்குக் கீழே வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. ஆக 13 கேள்வியில் தனிமனிதப் பகுதி முடிந்தது.

ஏரியா நலன் தனிப் பகுதி. இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்காதீர்கள். எர்ணாவூரில் ஒருவர் தன் வாழ்க்கைக்கு 7, தன் தெருவுக்கு 3 கொடுத்தால் அந்த இடைவெளிதான் உங்களுக்கு வேண்டிய செய்தி. கூட்டிச் சராசரி எடுத்தால் 5 என்று ஆகி ஒன்றுமே தெரியாது. இதற்குக் காரணமும் உண்டு. மனிதர்கள் பழகிக்கொள்கிறார்கள், சொந்த வாழ்க்கை பற்றிய திருப்தி சீக்கிரம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மேற்கத்திய நாடுகளில் அந்தச் சராசரி பெரும்பாலும் 70க்கும் 80க்கும் இடையிலேயே நிற்கிறது. அதனால் தனிமனிதப் பகுதியில் சராசரியை மட்டும் பார்க்காமல், 50-க்குக் கீழே எத்தனை சதவீதம் பேர் என்பதைப் பாருங்கள்.

இனி எண்ணிக்கை. 100 புள்ளி அளவுகோலில் பரவல் (பதில்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கும் என்ற அளவு) சுமார் 20 என்று எடுத்துக்கொண்டால், சராசரியை ±3 புள்ளிக்குள் பிடிக்க 171 பேர் வேண்டும். ஆனால் தெருத் தெருவாகப் போய் எடுக்கும்போது ஒரே தெருக்காரர்கள் ஒரே மாதிரிதான் சொல்வார்கள், அதற்கு ஒரு பெருக்கல் உண்டு. ஒரு இடத்தில் 10 வீடு எடுத்து, அவர்கள் பதில்கள் ஒத்துப்போகும் அளவு (0 முதல் 1 வரை) 0.1 என்றால் 1 + 9 × 0.1 = 1.9. ஆக 171 × 1.9 = 325 பேர். மண்டலத்துக்கு 35 இடம், இடத்துக்கு 10 வீடு, மொத்தம் 350 என்று வைத்துக்கொள்ளுங்கள். அலைச்சல் குறையட்டும் என்று 10 இடத்தில் 35 வீடாக எடுத்தால் பெருக்கல் 4.4 ஆகிவிடும், 350 பேரைக் கேட்டும் 80 பேரைக் கேட்ட பலன்தான்.

மூன்று மண்டலத்துக்கும் 1,050 பேட்டி. ஒருவர் ஒழுங்காகச் செய்தால் நாளுக்கு 5. பன்னிரண்டு பேருக்கு 18 வேலை நாள். 33 வார்டையும் வரிசைப்படுத்த இதே துல்லியத்தில் 10,000 பேட்டிக்கு மேல் தேவை. உங்களால் முடியாது, முயலவும் வேண்டாம். வார்டுக்கு முப்பது பேரை வைத்துப் பட்டியல் போட்டால் அடுத்த நாளே எந்தக் கவுன்சிலரும் அதைக் கிழித்துவிடலாம், அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

கள ஆய்வாளர்:

கணக்கு சரி. வீட்டு வாசலில் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன், இந்த ஏரியாக்களில் சர்வே கெட்டுப்போவது அங்கேதான்.

இடங்களைத் தேர்ந்தெடுக்க வாக்காளர் பட்டியலின் பாகங்களை (ஒரு வாக்குச்சாவடிக்கு ஒரு பாகம்) பயன்படுத்தலாம். மண்டலத்தின் எல்லாப் பாகங்களையும் வாக்காளர் எண்ணிக்கையோடு எழுதி, வரிசையாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 2,10,000 என்று வைத்துக்கொண்டால் 35-ஆல் வகுத்து 6,000. 1 முதல் 6,000-க்குள் ஒரு எண்ணைக் குலுக்கி எடுங்கள். 2,417 வந்தால் அந்த எண் விழும் பாகம் முதலாவது, 8,417 விழும் பாகம் இரண்டாவது, அப்படியே போகும். பட்டியல் பாகத்தைத் தேர்வதற்கு மட்டும்தான். ஆட்களை அதிலிருந்து எடுத்தால் வாடகைக்காரர்களும் வெளிமாநிலத்தவரும் விடுபடுவார்கள். அந்த இடத்துக்கு நடந்து போய் 100 முதல் 150 குடும்பங்களை நீங்களே பட்டியல் எடுத்து, அதிலிருந்து அந்த 10 வீட்டைக் குலுக்கி எடுங்கள். குடும்பத்தை அடுப்பை வைத்து எண்ணுங்கள். கதவையோ ஈபி மீட்டரையோ நம்பாதீர்கள். ஒரு மீட்டரில் நான்கு குடும்பம் இருக்கும், மொட்டைமாடி ஷீட் வீட்டுக்குத் தனி மீட்டரே இருக்காது. இப்படி விடுபடுகிறவர்கள்தான் வாடகை ஏறினால் முதலில் வெளியேறுகிறவர்கள்.

பட்டியல் எடுக்கும்போது கதவில் சாக்பீஸால் நம்பர் போடாதீர்கள். கால்வாய்க் கரையிலும் ரயில்வே லைன் ஓரத்திலும் வீட்டுக்கு நம்பர் போடுவது என்றால் வீட்டை எடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் போயிருக்கின்றன. ஒரு நம்பர் போதும், மதியத்துக்குள் தெருவே மூடிக்கொள்ளும். காகிதத்தில் கையால் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். அதனால் யார் பேப்பரோடு வந்தாலும் "எங்க பேரும் எழுதிக்கோங்க" என்று கூட்டம் சேரும், கஷ்டத்தைக் கூட்டிச் சொல்வார்கள். முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: "இது அரசாங்க சர்வே இல்லம்மா. இதனால பணமும் வராது, வீடும் போகாது. பேர், ஆதார், போன் நம்பர் எதுவும் வேண்டாம்." சொன்னபடியே அவற்றை வாங்காமல் இருங்கள்.

வீட்டில் யாரைக் கேட்பது? கதவைத் திறப்பவரையே கேட்டால் மாதிரியில் முக்கால்வாசி இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றவர்களும்தான் இருப்பார்கள். 18 வயது நிரம்பியவர்களை மூத்தவரிலிருந்து வரிசையாக எழுதிக் குலுக்கி ஒருவரை எடுங்கள். கோபோ டூல்பாக்ஸ் என்ற சர்வே ஆப்பில் ஃபார்ம் போட்டால் போனே குலுக்கித் தரும், சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். குலுக்கலில் வந்தவர் ஷிப்டுக்குப் போயிருந்தால் வேறு நாளில், வேறு நேரத்தில் மூன்று முறை போக வேண்டும்: ஒருமுறை இரவு 7 மணிக்கு மேல், ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டை மாற்றாக எடுக்கவே கூடாது. மருமகளைக் கேட்கும்போது மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்தால் "உறவுகள்" கேள்விக்கு 10 தவிர வேறு பதில் வராது. பெண்களைப் பெண்களே கேட்கட்டும், இருவர் இருவராகப் போங்கள். ஒருவர் பேட்டி எடுக்க, மற்றவர் கூடிய கூட்டத்தோடு பேசிக்கொண்டிருக்கலாம். அப்போது பன்னிரண்டு பேர் ஆறு ஜோடிதான், 18 வேலை நாள் 35 ஆகும்.

0 முதல் 10 என்று வாயால் கேட்டால் 5-ம் 10-ம் மட்டுமே வரும். கெட்டி அட்டையில் ஏணி படம் போட்டு, கீழே 0 "கொஞ்சம்கூட திருப்தி இல்லை", மேலே 10 "முழுத் திருப்தி" என்று பெரிதாக அச்சடித்துக் கையில் கொடுத்து விரலால் தொடச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்கள்கூட இரண்டாவது கேள்வியிலேயே பழகிவிடுவார்கள். எல்லாத் துறைக்கும் ஒருவர் 10 அல்லது எல்லாவற்றுக்கும் 0 கொடுத்திருந்தால் அந்தப் படிவத்தை அந்த அளவுகோலின் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. ஒரே தன்னார்வலரிடம் அப்படி நிறைய வந்தால் அவர் அட்டையைப் பையிலேயே வைத்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி வரிசை மாறக்கூடாது. சாக்கடை, நாற்றம், தண்ணி லாரி என்று பத்துக் கேள்வி கேட்டுவிட்டு "வாழ்க்கை எப்படி?" என்றால் எண் கீழே இறங்கும். முதலில் மொத்த வாழ்க்கை, அப்புறம் ஏழு துறை, அப்புறம் ஐந்து கேள்வி, கடைசியில் ஏரியா.

காலமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கடலோரக் குப்பங்களில் அப்போது கேட்டால் கிடைக்கும் வருமானத் திருப்தி அந்த வருடத்தின் நிலை ஆகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெள்ள நேரம். பொங்கல் முடிந்து மார்ச் வரை நல்ல சமயம், தேர்தல் வருடம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து எடுக்கும்போதும் அதே மாதங்கள்தான்.

மணலி புதுநகர்:

ஏரியா பகுதிக்கு ஒரு வார்த்தை. "உங்கள் சமூகம்" என்று கேட்டால் சிலர் ஜாதியை நினைப்பார்கள், சிலர் சபையை, சிலர் ஜமாத்தை. "உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் எவ்வளவு தூரமோ அந்த இடம்" என்று சொல்லிக் கேளுங்கள். திருப்தியா என்று கேட்பதைவிட நடப்பதைக் கேட்பது பலன் தரும்: ராத்திரி 11 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க 500 ரூபாய் வேண்டுமென்றால், சொந்தக்காரர் அல்லாத யாரிடமாவது இந்தத் தெருவில் கேட்க முடியுமா? 9 மணிக்கு மேல் பெண்கள் பஸ் ஸ்டாப்பிலிருந்து தனியாக நடந்து வருகிறார்களா? பலத்த மழை விட்ட பிறகு வாசல் தண்ணீர் வடிய எத்தனை மணி நேரம்? போன வாரம் எத்தனை நாள் காற்றில் கெமிக்கல் வாடை? குடிநீரையும் சாக்கடையையும் ஒரே கேள்வியில் கட்டாதீர்கள்.

"பாதுகாப்பு" என்றால் எதை நினைத்து மார்க் போட்டார் என்று ஒரு துணைக்கேள்வி வையுங்கள். 2023 டிசம்பர் 26 இரவு அம்மோனியா கசிந்த பெரியகுப்பம் பக்கம் அது வாயுவைக் குறிக்கும், வேறு இடத்தில் திருட்டை, இன்னொரு இடத்தில் கன்டெய்னர் லாரியை. மணலி, மணலி கிராமம், கொடுங்கையூர், ராயபுரத்தில் காற்றுத்தர நிலையங்கள் இருக்கின்றன. பேட்டி எடுத்த தேதியை ஃபார்மில் வைத்தால் அன்றைய பிஎம் 2.5 என்ற நுண்தூசி அளவை (இந்திய வரம்பு 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம்) பிறகு பக்கத்தில் சேர்க்கலாம். தெலுங்கு, உருது, இந்தி மூன்றிலும் ஃபார்ம் வேண்டும். தமிழில் மட்டும் என்றால் விடுபடுகிறவர்கள் நிறையப் பேர்.

வடக்குக்கரை:

மிக்க நன்றி, வாட்ஸ்அப் யோசனையை விட்டுவிட்டோம். இன்னும் இரண்டு சந்தேகம். இரண்டு வருடம் கழித்து அதே வீடுகளுக்கே போவதா, புதிதாக எடுப்பதா? மனநிலைக் கேள்வியில் மிகக் குறைவாக வருகிறவர்களை என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை:

முதல் கேள்விதான் வேகமாக வளரும் இடத்தில் உயிர்நாடி. ஒரு கற்பனைக் கணக்கு: இன்று 100 பேரில் 80 பேர் பழைய குடிகள், சராசரி 60. 20 பேர் புது ஃபிளாட்டுக்கு வந்தவர்கள், சராசரி 75. மொத்தம் 63. பிறகு வாடகை ஏறிப் பழையவர்கள் 30 பேர் போய், புதியவர்கள் 30 பேர் வருகிறார்கள். இருக்கும் பழையவர்கள் 58-க்கு இறங்கிவிட்டார்கள், புதியவர்கள் 75-லேயே இருக்கிறார்கள். மொத்தச் சராசரி 66.5. யாருடைய வாழ்க்கையும் மேம்படாமலேயே மண்டலம் முன்னேறியதாகத் தெரியும், அதை வைத்து விளம்பரப் பலகையும் வைப்பார்கள்.

ஆகவே இரண்டும் செய்யுங்கள். புதிய மாதிரி 1,050, அதோடு முதல் சுற்றில் கேட்டவர்களில் சம்மதிக்கும் 200 பேரைத் தொடருங்கள். அவர்களிடம் மட்டும் தனிச் சீட்டில் போன் நம்பர் வாங்கி, பதில்கள் இருக்கும் ஃபைலில் சேர்க்காமல் பூட்டி வையுங்கள். வீடு மாறியவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்பது கட்டாயம். செங்குன்றத்துக்கோ மீஞ்சூருக்கோ போயிருந்தாலும் அவர்கள்தான் மிக முக்கியமானவர்கள். "இந்த ஏரியாவில் எத்தனை வருடம்?" என்ற கேள்வி எல்லாரிடமும் இருக்க வேண்டும்: 2-க்குக் கீழ், 2 முதல் 10, அதற்கு மேல், பிறந்ததிலிருந்து. எந்த எண்ணை வெளியிட்டாலும் இந்த நான்கு பிரிவிலும் பிரித்தே வெளியிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு சுற்றிலும் ±3 என்றால் இரண்டு சுற்றுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு ±4.2 வரும். மண்டல அளவில் 2 புள்ளி ஏறியது என்று அறிக்கை எழுதாதீர்கள்.

கள ஆய்வாளர்:

இரண்டாவது கேள்விக்கு: பேட்டி முடிந்ததும் எல்லாருக்கும், மதிப்பெண் எதுவாக இருந்தாலும், ஒரு சின்னச் சீட்டு கொடுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104, ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு என்று அதில் இருக்கட்டும். குறைவாக வந்தவருக்கு மட்டும் கொடுத்தால் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். ஐந்து கேள்வி அளவுகோல் நோயைச் சொல்வதில்லை. தன்னார்வலர் யாரும் "உங்களுக்கு டிப்ரஷன்" என்று சொல்லிவிடக்கூடாது, பயிற்சியின் முதல் நாளே இதை அழுத்திச் சொல்லுங்கள். உயிரை விடுவது பற்றி யாராவது பேசினால் பேட்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, கூடவே உட்கார்ந்து, அவர் சம்மதத்தோடு 14416-க்கு அங்கிருந்தே போன் போட்டுக் கொடுக்க வேண்டும்.

களத்துக்குப் போகும் முன் 30 வீட்டில் ஒத்திகை பாருங்கள், அந்த 30 கணக்கில் சேராது. பேட்டி 25 நிமிடத்தைத் தாண்டினால் ஏரியா பகுதியில் குறையுங்கள், முதல் 13-ல் கை வைக்காதீர்கள்.