புதுப்பிப்பு: தாத்தா ஃபியட்டுக்கு இன்ஜின் மாத்தலை

போன மாசம் கேட்டிருந்தேனே, தாத்தாவோட 1969 ஃபியட் 1100டி-க்கு மாருதி இன்ஜின் போடலாமா, பழைய 1089 சிசியே இருக்கட்டுமான்னு. பழசே இருக்கட்டும்னு முடிவாயிடுச்சு.

பாசத்தை விட சட்டம்தான் முடிவு பண்ணுச்சு. 2021 விண்டேஜ் (பழங்கால வண்டி) விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. நம்பர்ல 'விஏ' வரும், 10 வருஷம் செல்லும். சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருந்தா அந்தப் பதிவு கிடையாது. கிடைச்சாலும் தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது, ராலி, கண்காட்சின்னுதான் எடுக்கலாம்.

ஆனா பேட்டரியை சார்ஜ் பண்ற பழைய டைனமோவைக் கழட்டிட்டோம். வண்டி நின்னு இன்ஜின் மெதுவா ஓடும்போது (ஐடிலிங்) அதுல சார்ஜே ஏறாது. ராத்திரி சென்னை மிண்ட் சிக்னல்ல நின்னா ஹெட்லைட் மங்கும், ஹாரன் அடிச்சா இன்னும் மங்கும். வியாசர்பாடி மெக்கானிக் அண்ணன் பழைய பிராக்கெட்டை அறுக்காமலே, அதுக்குப் பதிலா ஐடிலிங்லயும் சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் மாட்டிட்டார். டைனமோ கோணியில சுத்தி டிக்கியில இருக்கு.

ஒரிஜினல் பெயின்டைத் தொடாதேன்னவங்களுக்கு: காசிமேடு உப்புக்காத்து முன்னாடியே தொட்டுடுச்சு. டோர் அடியில ஸ்க்ரூடிரைவர் வச்சா பொத்துன்னு உள்ள போகுது. அங்க மட்டும் வெட்டி புதுத் தகடு வெல்டிங் நடக்குது, கலர் அதேதான்.

ஸ்டியரிங் பக்கத்துல இருக்கிற கியர் லீவரை ஃப்ளோர் கியரா மாத்தச் சொன்ன தம்பி, பாட்டிகிட்ட நீயே வந்து கேளு.