நியூ ஜெர்சியில் வீட்டை வாடகைக்கு விடுகிறோம், சோதனை பற்றி உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் தனி வீட்டுக்கு முதல்முறையாக வாடகைக்கு ஆள் வருகிறார்கள். குடியிருப்பவர் மாறினால் புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், தீயணைப்பான் மூன்றையும் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். தீயணைப்பானைச் சமையலறையிலிருந்து 10 அடிக்குள் மாட்டிவிட்டேன்.

படுக்கையறைக்கு வெளியே இருந்த புகை அலாரத்தைக் கழற்றினால், மஞ்சளேறிப்போன அதன் முதுகில் 2009 என்று இருக்கிறது. இத்தனை வருடம் குழந்தைகள் இதை நம்பித்தான் தூங்கினார்களா என்று மனசு பதறிவிட்டது. பேட்டரி வகை என்றால் 10 வருட பேட்டரியை உள்ளேயே சீல் வைத்ததுதான் வேண்டும், சரி. ஆனால் இது மின் இணைப்பில் ஓடுவது. இதற்குப் பதில் பேட்டரி அலாரம் மாட்டினால் ஏற்பார்களா?

அப்புறம், வீடு 1978க்கு முன் கட்டியது என்பதால் ஈயம் கலந்த பழைய பெயின்ட் இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனையை அண்மையில் முடித்தவர்கள், எத்தனை நாள் ஆனது என்று சொல்லுங்களேன். அடுத்த மாதம் கைக்குழந்தையோடு குடிவருகிறார்கள்.