நேர்காணலுக்குப் பின் 221(ஜி): காத்திருப்பதா, மீண்டும் விண்ணப்பிப்பதா?

கேள்வி:
அமெரிக்க மாணவர் விசா நேர்காணலின் முடிவில், கூடுதல் பரிசீலனை தேவை என்று கூறி, 221(ஜி) எனக் குறிப்பிட்ட தாளைக் கொடுத்தார்கள். இணையத்தில் நிலையைப் பார்த்தால் ‘மறுக்கப்பட்டது’ என்று இருக்கிறது. வகுப்புகள் தொடங்கும் நாள் நெருங்குவதால், புதிதாக விண்ணப்பிப்பது நல்லதா என அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1:
‘மறுக்கப்பட்டது’ என்ற சொல்லைக் கண்டு கலங்க வேண்டாம். குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தின் 221(ஜி) பிரிவின்கீழ் நிறுத்தி வைக்கப்படும் விண்ணப்பங்கள், பரிசீலனை நடந்துகொண்டிருக்கும்போதும் அவ்வாறே காட்டப்படுகின்றன. தாளில் ஆவணம் ஏதும் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கேட்டிருந்தால் ஓராண்டுக்குள் அளிக்க வேண்டும், தவறினால் மறுபடி கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்க நேரிடும். கூடுதல் விவரங்களைக் கேட்கும் டிஎஸ்-5535 படிவம் வந்திருந்தால், கடந்த 15 ஆண்டுகளின் பயணம், முகவரி, வேலை விவரங்களை முந்தைய விண்ணப்பத்தோடு முரண்படாமல் நிரப்புங்கள்.

மறுமொழி 2:
புதிய விண்ணப்பம் பயன் தராது என்றே கருதுகிறேன். பின்னணிச் சரிபார்ப்பு அதற்கும் தேவைப்படலாம். பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடம், எந்த நாள் வரை தாமதமாகச் சேரலாம், சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளி ஐ-20 படிவத்தைத் (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைச் சான்று) திருத்தித் தருவார்களா என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். விசா கைக்கு வரும்வரை பயணச்சீட்டு வாங்காதீர்கள். (முகவருக்குப் பணம் கொடுத்து விரைவுபடுத்தலாம் என்பவர்களை நம்பாதீர்கள்.)

கேட்டவர்:
நன்றி. ஆவணம் எதுவும் கேட்கப்படவில்லை. பல்கலைக்கழகத்துக்கு இன்றே எழுதுகிறேன்.