3-ஐ 8 ஆக்கியதற்கு ஃபோர்ஜரி கேஸா? காட்பாடி ரோட்டு நம்பர் பிளேட் விவகாரம்

பாலாறு பையன்:
வேலூர்க்காரர்கள் யாருக்காவது விவரம் தெரிந்தால் சொல்லுங்கள், கொஞ்சம் கொதிப்பில்தான் எழுதுகிறேன். என் சித்தப்பா பையனுக்கு 21 வயது, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. 2017 மாடல் பைக் ஒன்றைப் போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஃபைனான்ஸ் போட்டு எடுத்தான். மூன்று டியூ நின்றுபோனதும் ஃபைனான்ஸ் ஆட்கள் கம்பெனி கேட்டுக்கே வந்து எல்லார் முன்னாடியும் சாவியைப் பிடுங்கப் பார்த்தார்கள். பயந்துபோய் நம்பரில் இருந்த ஒரு 3-ஐ கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி 8 ஆக்கிவிட்டான். சனிக்கிழமை ராத்திரி காட்பாடி ரோட்டில் வாகனச் சோதனை. ஆர்சி கேட்டார்கள், போனில் காட்டினான், நம்பர் ஒத்துவரவில்லை. எஸ்ஐ குனிந்து நகத்தால் அந்த 8-ஐச் சுரண்டியதும் பாதி கையோடு வந்துவிட்டது. ஃபைன் போடுவார்கள் என்று பார்த்தால் ஃபோர்ஜரி, சீட்டிங் என்று எஃப்ஐஆர். ஒரு ஸ்டிக்கர் துண்டுக்கு ஏழு வருஷ செக்‌ஷனா? பாலாற்றில் ராத்திரி மணல் அள்ளும் டிராக்டர்களில் எத்தனைக்கு ஒழுங்கா நம்பர் இருக்கிறது, போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோட்டை மதில்:
மணல்காரனையும் பிடிக்கணும், உங்க தம்பியையும் பிடிக்கணும், ஒன்று இருப்பதால் இன்னொன்று சரியாகிவிடாது. நம்ம ஊர் இருக்கும் இடத்தை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் தாண்டினால் சித்தூர் ஜில்லா. செம்மரம் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, ரேஷன் அரிசி இந்தப் பக்கத்திலிருந்து போகிறது, இரண்டுக்கும் போலி நம்பர்தான் முதல் முதலீடு. ராத்திரி நேரத்தில் ஸ்டிக்கர் ஒட்டின நம்பரோடு ஒருத்தன் வந்தால் அவன் டியூ கட்டாத பையனா, வேறு ஆளா என்று போலீஸுக்கு எப்படித் தெரியும்?

பாலாறு பையன்:
விசாரித்தால் தெரியும். வண்டி அவன் பேரில், ஆர்சி ஒரிஜினல், இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறது, இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் சரி. அப்புறம் என்ன சீட்டிங்?

சத்துவாச்சாரி வக்கீல்:
தம்பி, இதில் பல பேர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். எழுத்தை வளைத்து எழுதுவது, தலைவர் படம் போடுவது, நம்பரைச் சின்னதாக்குவது இதெல்லாம் மத்திய மோட்டார் வாகன விதி 50, 51 மீறல். மோட்டார் வாகனச் சட்டம் 177-வது பிரிவில் முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500, கட்டிவிட்டுப் போகலாம். பதிவே செய்யாத வண்டியை ஓட்டினால் 192-வது பிரிவு, முதல் முறை 2,000 முதல் 5,000 வரை, மறுபடி பிடிபட்டால் 10,000 வரை போகும், ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. உங்க தம்பி செய்தது இது இரண்டிலும் சேராது. அவன் வண்டிக்கு ஒரு நம்பர் இருக்கிறது, அதை மறைத்து வேறொரு நம்பரை அதுதான் அசல் என்று காட்டியிருக்கிறான். இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தோடு நிற்காமல் பாரதிய நியாய சம்ஹிதா என்ற புதுத் தண்டனைச் சட்டத்துக்குப் போகிறார்கள். 2024 ஜூலை 1-க்கு முன்னால் 465, 468, 471 என்று பழைய ஐபிசியில் படித்ததெல்லாம் இப்போது 336(2), 336(3), 340(2). சாதாரண ஃபோர்ஜரிக்கு இரண்டு வருஷம் வரை, ஏமாற்றுவதற்காகச் செய்ததென்றால் ஏழு வருஷம் வரை. போலி என்று தெரிந்தே அசல் போலப் பயன்படுத்தினால், செய்தவனுக்கு என்ன தண்டனையோ அதேதான் பயன்படுத்தினவனுக்கும். பழைய 420 இப்போது 318(4), அதுவும் ஏழு வருஷம் வரை.

பாலாறு பையன்:
சார், ஃபோர்ஜரி என்றால் பத்திரம், கையெழுத்து, மார்க் ஷீட். தகரத்தகடு எப்படி டாக்குமெண்ட் ஆகும்?

சத்துவாச்சாரி வக்கீல்:
நல்ல கேள்வி, கோர்ட்டிலும் டிஃபன்ஸ் தரப்பு இதைத்தான் முதலில் கேட்கும். ஆனால் சட்டத்தில் ஆவணம் என்றால் காகிதம் என்று இல்லை. அதே சம்ஹிதாவின் 2(8)-வது உட்பிரிவின்படி எந்தப் பொருளின் மேலும் எழுத்தாலோ எண்ணாலோ குறியாலோ ஒரு விஷயத்தைச் சொல்லி, அது அந்த விஷயத்துக்குச் சாட்சியாகப் பயன்படக்கூடியதாக இருந்தால் அது ஆவணம். இந்த வண்டி இன்ன பதிவில் இருக்கிறது என்பதற்கு ரோட்டில் போகிறவனுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தகடுதானே. இருந்தாலும் மோசடி எண்ணம் இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்கணும், அங்கே வாதாட இடம் இருக்கிறது. நான் உங்க தம்பிக்கு வக்கீலாக இருந்தால் அங்கேதான் மல்லுக்கு நிற்பேன். ஆனால் அது விசாரணையில், எஃப்ஐஆர் கட்டத்தில் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

பாலாறு பையன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். எண்ணம்! அவன் யாருடைய நம்பரையும் திருடவில்லை, யாரிடமும் ஒரு ரூபாய் ஏமாற்றவில்லை. 3-ஐ 8 ஆக்கினான், அவ்வளவுதான். யாருக்கு நஷ்டம்?

குடியாத்தம் டீச்சர்:
யாருக்கு நஷ்டம் என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் லாகின் செய்தேன். போன மார்கழியில் என் போனுக்கு இ-சலான் வந்தது. வண்டி ஓட்டினவருக்கு ஹெல்மெட் இல்லை 1,000, மூன்று பேர் ஏறியதற்கு 1,000. இடம் வாணியம்பாடி. நான் அந்த நேரத்தில் ஏழாம் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன், ஸ்கூட்டர் பள்ளிக்கூட வேப்ப மரத்தடியில் நிற்கிறது. சலானில் இருந்த படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தால் அதே மாடல், ஆனால் என்னுடையது நீலம், அது கறுப்பு, இடதுபக்கக் கண்ணாடியே இல்லை. நம்பர் மட்டும் அச்சு அசலாக என்னுடையது. ஆன்லைனில் புகார் போட்டேன், ஸ்டேஷனில் மனு கொடுத்து சிஎஸ்ஆர் என்கிற புகார் ரசீது வாங்க இரண்டு அரை நாள் லீவு போனது. அதற்குள் இன்னொரு சலான். உங்க தம்பி 8 என்று எழுதினாரே, அந்த 8 உள்ள நம்பர் ஆகாயத்தில் இல்லை தம்பி. அதுவும் யாரோ ஒருத்தர் வரி கட்டி வாங்கின நம்பர்.

கோட்டை மதில்:
இதுதான் விஷயம். நம்ம வேலூர் டிஎன் 23-இல் வரிசையாக நம்பர் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு எதை எழுதினாலும் அது பெரும்பாலும் ஒருத்தர் வீட்டு வண்டியாகத்தான் இருக்கும்.

பாலாறு பையன்:
டீச்சர், உங்களுக்கு நடந்தது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாணியம்பாடி ஆள் சலானிலிருந்து தப்பிக்க வேண்டுமென்றே உங்க நம்பரைப் போட்டவன். என் தம்பி வண்டியைப் பிடுங்க வருகிற சீசிங் ஆட்களுக்குப் பயந்து ஒளிந்தவன். இரண்டு பேருக்கும் ஒரே செக்‌ஷன் என்றால் அது சட்டமா? வீட்டு வாசலில் நின்று கத்துகிற சீசிங் ஆட்கள் மேல் யாராவது எஃப்ஐஆர் போட்டார்களா?

கொணவட்டம் பாய்:
நான் ஸ்டிக்கர் கட்டிங் கடை வைத்திருக்கிறேன், அதனால் என் பங்குக்கு. பைக்குக்குப் பின்னாடி எழுத்து 35 மில்லி, எண் 40 மில்லி, முன்னாடி எல்லாம் 30 மில்லி, இதுதான் கணக்கு. ஆனால் வருகிற பசங்க பாதி பேர் கேட்பது கண்ணுக்கே தெரியாத சைஸ், இல்லாவிட்டால் பாதி நம்பரை மடக்கி வைக்கிற மாதிரி கிளாம்ப். ஆர்சி காட்டு என்றால் முறைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான். 2019 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்த வண்டிகளில் கம்பெனியிலிருந்தே ஹை செக்யூரிட்டி பிளேட் வருகிறது. அசோக சக்கர ஹாலோகிராம், நீல நிற ஐஎன்டி, கீழே லேசரில் பொறித்த எண், பின்பக்கம் ஒருமுறை போட்டால் உடைத்துத்தான் கழற்றணும் என்கிற ஸ்னாப் லாக். பார்வைக்கு அதே மாதிரி பிளேட் மார்க்கெட்டில் கிடைக்கும், ஐஎன்டி எழுத்துகூட இருக்கும். ஆனால் அந்த லேசர் எண் அரசின் 'வாகன்' ஆன்லைன் பதிவில் வண்டியோடு சேர்ந்து ஏறியிருக்கும், அதைத் தட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தம்பி வண்டி 2017 என்பதால் பெயின்ட் பிளேட், ஸ்டிக்கர் ஒட்ட முடிந்தது. எழுத்து மேலே எழும்பி நிற்கிற புது பிளேட்டில் இந்த வேலை பத்தடி தூரத்திலேயே தெரியும்.

சத்துவாச்சாரி வக்கீல்:
சீசிங் ஆட்கள் விஷயத்தில் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னும் ராத்திரி 7 மணிக்குப் பின்னும் கடன் வசூலுக்குப் போன்கூடப் பண்ணக்கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது, நடுரோட்டில் மிரட்டினால் தனியாகப் புகார் கொடுக்கலாம், டியூவைத் தள்ளிப்போடச் சொல்லி எழுதிக் கேட்கலாம். ஆனால் ஆர்சியில் ஹைப்பாதிகேஷன் என்று ஃபைனான்ஸ் பேர் ஏறியிருக்கும்போது, அவனிடமிருந்து மறைப்பதற்காக நம்பரை மாற்றினேன் என்று கோர்ட்டில் சொல்வது தப்பிக்கும் வழி இல்லை. ஏமாற்றும் எண்ணத்தை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். இதை ஸ்டேஷனில் உருக்கமாகச் சொல்லியிருந்தால் முதலில் எனக்குத் தெரியணும்.

கோட்டை மதில்:
இன்னொன்று. அந்த நம்பரோடு போய் யாரையாவது இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தால்? வண்டி தெரிந்தால் குடும்பம் விபத்து தீர்ப்பாயத்தில் கேஸ் போட்டு, போனவரின் வயது, வருமானத்தைக் கணக்குப் பார்த்து இன்ஷூரன்ஸில் வாங்கலாம். வண்டி தெரியாவிட்டால் ஹிட் அண்ட் ரன் திட்டத்தில் உயிருக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000, அதோடு சரி. பச்சை சர்க்கிளிலிருந்து பள்ளிகொண்டா டோல் வரைக்கும் ஹைவேயில் ராத்திரி எப்படிப் போகிறார்கள் என்று தெரியாதா?

பாலாறு பையன்:
நடக்காததை எல்லாம் சேர்த்து அவன் தலையில் கட்டாதீர்கள் அண்ணா. நடந்தது ஒரு ஸ்டிக்கர். அவன் ஆர்மி செலக்‌ஷனுக்கு ஓடிக்கொண்டிருக்கிற பையன், அடுத்த ரேலிக்குப் பேர் கொடுத்திருக்கிறான்.

கம்மவான்பேட்டை மிலிட்டரி:
எங்க ஊரில் வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துக்குப் போனவர்கள், அதனால் இதை மட்டும் சொல்கிறேன். ஓட்டம் பாஸ், மெடிக்கல் பாஸ் என்றாலும் போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கிறது. கேஸ் நிலுவையில் இருப்பதை மறைத்துவிட்டு ஃபாரம் நிரப்பினால் அது இன்னொரு வம்பு. கேஸை முடிக்க வழி பார்க்கச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

பாலாறு பையன்:
வக்கீல் சார், ஃபைன் கட்டி முடிக்க வழியே இல்லையா? அரெஸ்ட் பண்ணுவார்களா?

சத்துவாச்சாரி வக்கீல்:
ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது பண்ணணும் என்று இல்லை. 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடுவதுதான் முறை, இப்போது அது புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்‌ஷா சம்ஹிதாவில் 35(3). நோட்டீஸ் வந்தால் ஒழுங்காக ஆஜராகணும், ஓடினால்தான் சிக்கல். ஃபோர்ஜரியில் ஸ்பாட் ஃபைன் என்பது கிடையாது. ஃபைனான்ஸுக்கு டியூவைக் கட்டிவிட்டு, வயது, முன்வழக்கு இல்லாதது எல்லாம் காட்டி ஹைகோர்ட்டில் எஃப்ஐஆரை ரத்து செய்யச் சொல்லி மனு போட்டுப் பார்க்கலாம், கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். வண்டியை இடைக்காலமாக வாங்க மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு போடணும், ஃபைனான்ஸ்காரனும் போடுவான், முந்திக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்றால் டயரும் சீட்டும் போய்விடும்.

குடியாத்தம் டீச்சர்:
தம்பி, ஒன்று கேட்கணும். அந்த 8 உள்ள நம்பர் யாருடையது என்று பார்த்தீர்களா?

பாலாறு பையன்:
ஸ்டேஷனிலேயே பார்த்தார்கள் டீச்சர். பேரணாம்பட்டில் ஒருத்தருடைய ஸ்பிளெண்டர்.

குடியாத்தம் டீச்சர்:
அவருக்கு யாராவது சொன்னார்களா?

பாலாறு பையன்:
தெரியவில்லை. அது போலீஸ் வேலைதானே.

குடியாத்தம் டீச்சர்:
எனக்கும் யாரும் சொல்லவில்லை. எத்தனை நாள் ஓட்டினார் அந்த நம்பரில்?

பாலாறு பையன்:
இரண்டு மாதம் இருக்கும். சலான் எதுவும் விழவில்லை என்றுதான் சொல்கிறான். இப்பவும் சொல்கிறேன், இதற்கு ஏழு வருஷ செக்‌ஷன் ஜாஸ்தி.

சத்துவாச்சாரி வக்கீல்:
விழுந்திருந்தாலும் உங்க தம்பி போனுக்கு வந்திருக்காது. திங்கட்கிழமை காலை பத்தரைக்குக் கோர்ட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஆர்சி ஒரிஜினல், ஃபைனான்ஸ் பாஸ்புக், எஃப்ஐஆர் நகல் மூன்றும் வேண்டும். அந்த ஸ்டிக்கரை அவனே ஒட்டினானா, கடையில் ஒட்டினானா என்பதையும் இப்பவே கேட்டு வையுங்கள், போலீஸ் அடுத்துக் கேட்கப்போவது அதைத்தான்.

கொணவட்டம் பாய்:
என் கடையில் ஆர்சி ஜெராக்ஸ் வாங்காமல் ஒரு எண்கூட வெட்டுவதில்லை, ஃபைல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.