இன்டர்ஸ்டெல்லார்: அந்தப் புத்தக அலமாரிக் காட்சி உங்களுக்கு ஒட்டியதா?

செல்வி_தேனி:
நோலன் இயக்கிய இந்த விண்வெளிப் படம் 2014-இல் வந்தபோது நான் பத்தாவது. வீட்டில் விடவில்லை. 2025 பிப்ரவரியில் மறுபடி ரிலீஸ் ஆனபோதுதான் பெரிய திரையில் பார்த்தேன். கருந்துளைக்குப் பக்கத்தில் இருக்கும் மில்லர் கிரகத்தில் சில மணி நேரம் இருந்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினால் அங்கே 23 வருடம் ஓடியிருக்கிறது. பூமியிலிருந்து பிள்ளைகள் அனுப்பித் தேங்கிக் கிடந்த வீடியோக்களை நாயகன் கூப்பர் ஒவ்வொன்றாகப் பார்க்கிறானே, முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும்தான்.

ஆனால் கருந்துளைக்குள் விழுந்தவன் மகளின் புத்தக அலமாரிக்குப் பின்னால் வந்து நின்றதும் படம் என்னைவிட்டு விலகிப் போய்விட்டது. அதுவரை கணக்குப் பார்த்து நகர்ந்த கதை அது. கூட வந்த தோழியோ அங்கேதான் தேம்பி அழுதாள். உங்களுக்கு எப்படி இருந்தது?

ஸ்பீக்கர்_மணி:
அலமாரியைக்கூட ஏற்றுக்கொள்வேன். வசனம் காதில் விழாததைத்தான் மன்னிக்க முடியவில்லை. பேராசிரியராக வரும் மைக்கேல் கெய்ன் சாகக் கிடந்து உண்மையைச் சொல்லும் இடம் கதைக்கே அச்சாணி. முக்கால்வாசி எனக்குப் புரியவில்லை. தியேட்டரில்தான் கோளாறு என்று ஆபரேட்டர் அறைவரை போய்ச் சொன்னோம். அப்புறம் பார்த்தால் வெளிநாட்டிலும் இதே புகார். தெரிந்தேதான் அப்படி ஒலி அமைத்ததாக நோலன் சொல்லிவிட்டார். 169 நிமிடம் உட்காருகிறவனுக்கு வார்த்தை கேட்க வேண்டாமா?

பிளஸ்டூ_பிசிக்ஸ்:
செல்வி, அந்தக் கிரகத்தில் ஒரு மணி நேரம் பூமியில் ஏழு வருடம் ஆவது கட்டுக்கதை இல்லை அம்மா. ஈர்ப்பு கூடினால் நேரம் மெதுவாகும். கருந்துளை உச்ச வேகத்தை ஒட்டிச் சுழன்றால் இந்த அளவுக்கே போகும் என்று இயற்பியலாளர் கிப் தோர்ன் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 2017-இல் நோபல் வாங்கினாரே, அவர்தான்.

எனக்கு ஒரே ஒரு குறை. கருந்துளையைச் சுற்றும் ஒளி வளையத்தில், நம்மை நோக்கி வரும் பக்கம் கூடுதலாக ஒளிர வேண்டும். பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்று படத்தில் அதை விட்டுவிட்டார்கள். 2019-இல் வெளியான எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நிஜக் கருந்துளைப் படத்தில் ஒரு பக்கம் பளிச்சென்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வகுப்பில் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். கருந்துளைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் அலமாரியைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேசட்_காலம்:
தங்கச்சி, நான் உன் தோழி கட்சி. அப்பா குவைத்தில் இருந்தார். வீட்டில் எல்லோரும் பேசிப் பதிந்து, ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் அம்மா கேசட்டைக் கொடுத்தனுப்புவார். அப்பா கிளம்பும்போது பேச மறுத்த கூப்பரின் மகள் மர்ஃப் மாதிரி நானும் ஒரு தடவை பேச மாட்டேன் என்று ஓடிவிட்டேன். அந்த கேசட்டில் அம்மா என்னைக் கூப்பிடுவதும், நான் கதவை அறைந்து சாத்துவதும் மட்டும்தான் இருக்கும். அலமாரிக்குப் பின்னால் நின்று கூப்பர் கத்தக் கத்த மகளுக்குக் கேட்கவே இல்லையே, அப்போது எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது. அப்பா அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்பாராம்.